பொட்டு வைத்த நட்டு

பொறாமை சிலருக்குக் காய்ச்சல் மாதிரி வரும், இரண்டு நாளில் போய்விடும். மீட்டர்காரருக்கு அது வந்து மூன்று மாதமாகிறது. போகிற வழியாகத் தெரியவில்லை. வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரியும் இல்லை. ஐம்பத்திரண்டு வயசில் ஒரு மனுஷன் மாமனாருடைய பழைய காருக்காக வயிறெரிகிறான் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

ஆனால் அது ஏதோ ஒரு கார் இல்லை. அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. பாலாடை நிறம். ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் இருப்பவர்கூட யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். டாஷ்போர்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட மீட்டர், அதில் ஒல்லியாக ஒரு சிவப்பு முள். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வு பெற்ற மாமனார் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

பதினாலு வருஷமாக அந்த வண்டிக்கு வைத்தியம் பார்த்தது மூத்த மருமகனான மீட்டர்காரர்தான். கடையில் அவர் தொழில் வண்டிகளின் மீட்டரைப் பழுது பார்ப்பது. லாரியோ பைக்கோ, முள் நின்றுபோனால் அவரிடம்தான் வரவேண்டும். மாமனார் வண்டி என்று வந்துவிட்டால் மட்டும் பிரேக்கிலிருந்து வைப்பர் வரை அவரே. அத்தனை செய்தும், ஓட்டிப் பார்க்கிறேன் என்ற சாக்கில் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றி வந்ததைத் தவிர அந்த ஸ்டியரிங்கை அவர் தொட்டதில்லை. கேட்டதும் இல்லை. கேட்காமலே ஒருநாள் தரப்படும் என்று உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டுக் கூடத்தில், சாப்பிட்ட கை காய்வதற்குள் அந்த நாள் வந்தது. மாமனார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. இனிமே வண்டிய சின்ன மாப்பிள்ளை வச்சுக்கட்டும். மூணு மாசம் பார்ப்போம். ஒழுங்கா வச்சிருந்தார்னா அவர் பேருக்கே மாத்திக் குடுத்துடறேன். பெரிய மாப்பிள்ளைக்குக் கடையே உலகம், அவர் எங்க வண்டி ஓட்டப் போறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். மீட்டர்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் எப்படி வந்தது என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

சின்ன மாப்பிள்ளை, அதாவது அவருடைய சகலை, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர். நல்ல உயரம், நல்ல சட்டை, ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிக்கிற ஜாதி. அன்றிலிருந்து மீட்டர்காரர் சகலை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர்கள் கூப்பிட்டால் தலைவலி, இவர்கள் வீட்டுக்கு வந்தால் கடையில் வேலை. மனைவி தன் தங்கை குழந்தையின் பிறந்தநாளுக்குக்கூடத் தனியாகத்தான் போய்விட்டு வந்தாள். வீட்டில் சாப்பிடும்போது எதைப் பேசினாலும் அது சுற்றி வளைத்து அந்த வண்டியில் வந்து நின்றது. உப்பு குறைவு என்று ஆரம்பித்து, "அந்த ஆளுக்கு கிளட்ச்னா என்னன்னு தெரியுமா?" என்று முடியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அந்த வண்டியே கடை வாசலில் வந்து நின்றது. சகலை இறங்கினார்.

"சகலை, நீங்கதான் காப்பாத்தணும். மீட்டர் முள்ளு அசையவே மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"ஒரு ரெண்டு வாரம் இருக்கும்." சகலை தலையைச் சொறிந்தார். "நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். இப்ப பாருங்க, ஞாயித்துக்கிழமை மாமா பேப்பர்ல கையெழுத்துப் போட வர்றார். அவரைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே."

தெரியாமல் என்ன? மீட்டர் நின்ற வண்டி பொய் சொல்லுகிற வண்டி என்பது மாமனாருடைய கட்சி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத வண்டியில் அவர் காலை எடுத்து வைக்க மாட்டார். இரண்டு வாரம் மீட்டர் நின்றிருந்தது என்று கேள்விப்பட்டால் கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார். வாங்கினால் அடுத்த கை யாருடையது?

"மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சகலை" என்று சகலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஆபீஸுக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

சகலை தெருமுனை திரும்பியதும் மீட்டர்காரர் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உடனே எழுந்துகொள்ளத் தோன்றியது. இருக்கையை நீண்ட காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தார்கள், பெடல் எட்டவில்லை. கண்ணாடி வேறொருவர் முகத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் புசுபுசுவென்று ஒரு உறை. அவர் வருஷா வருஷம் மெழுகு போட்டுத் துடைத்துவைத்த மரப் பலகை மேல் ஒரு கூலிங் கிளாஸும் கொழுந்தியாளின் தலைக் கிளிப்பும் கிடந்தன. வேறொருத்தன் வீட்டில் நம் சாமான்கள் இருப்பதைப் பார்த்த மாதிரி அவருக்கு வயிற்றிலிருந்து தொண்டை வரை எரிந்தது.

இறங்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைகீழாக டாஷ்போர்டுக்குக் கீழே நுழைந்தார். கால் இரண்டும் வெளியே. மீட்டருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் விரல் வேலை. கேபிளை மீட்டரோடு பிடித்துவைக்கும் நட்டைத் தடவிக் கண்டுபிடித்துத் திருகினார். உறைக்குள் சுற்றும் உள்கம்பியைத்தான் இன்னர் என்பார்கள். கியர் பெட்டியில் சக்கரத்தின் சுற்றை வாங்கிக்கொண்டு வந்து முள்ளுக்குக் கொடுப்பது அதுதான். அதை இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குத் துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

வெளிச்சத்தில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தேய்ந்து அறுந்த கேபிள் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழை இழையாகப் பிரிந்து, முறுக்கு விட்டு, பழைய துடைப்பம் மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. நுனி பளபளவென்று, இரண்டு பக்கமும் நசுங்கி, ஒரே வெட்டு. கட்டிங் பிளேயரின் வாய் தெரிந்தது.

மூளை கடகடவென்று வேலை செய்தது. எங்கேயோ கண்டபடி சுற்றியிருக்கிறான். கிலோமீட்டர் ஏறினால் மாமாவிடம் மாட்டிக்கொள்வோம் என்று அறுத்துவிட்டிருக்கிறான். கையெழுத்து நாள் நெருங்கியதும் பூனை மாதிரி வந்து கையைப் பிடிக்கிறான்! மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பசித்தது. அவ்வளவு சந்தோஷம். கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தார்.

"மாமா, வண்டி என் கடையில நிக்குது. மீட்டர் கேபிள் போயிருக்கு."

"அறுந்துடுச்சா?"

"அறுந்ததில்ல மாமா. அறுத்தது."

ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் வரப்பு ஒரு அடி நகர்ந்ததற்காக ஊரையே கோர்ட்டுக்கு இழுத்த மனுஷருக்கு அந்த ஒரு எழுத்து போதும்.

"நான் வர்றேன்" என்றார் மாமனார். "சின்னவரையும் வரச் சொல்றேன். கேபிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

வருவதற்கு எப்படியும் முக்கால் மணி நேரமாகும். அதற்குள் புதுக் கேபிளை மாட்டிவிட்டால் இன்னும் நன்றாயிருக்கும், யார் கெடுத்தது யார் சரிசெய்தது என்று மாமா கண்ணாலேயே பார்க்கட்டும். இந்த மாடலுக்கு இப்போதெல்லாம் கேபிள் கிடைப்பதில்லை. மீட்டர்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பே அளவெடுத்து ஒன்று செய்து, செய்தித்தாளில் சுற்றி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் போய் கியர் பெட்டிப் பக்கம் கழற்றி, பழைய கேபிளை உறையோடு உருவி வெளியே எடுத்து மேஜை மேல் போட்டார்.

மேல் நட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை இறுக்கினாலும், நட்டும் அதன் கழுத்தும் சேருமிடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பார்கள். நட்டு தானாகக் கழன்றிருந்தால் அந்தப் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை ஆரம்பித்தது அவர் மனைவி. காலை நேரத்தில் கடைக்கு வந்து, தேய்ந்துபோன மீட்டர் தட்டுகளில் மெல்லிய தூரிகையால் எண்களைத் திரும்ப எழுதுவது அவள் வேலை. கடைசியில் நட்டுக்குப் புள்ளி வைப்பதும் அவள்தான். அதற்குப் பெயர் பொட்டு. "பொட்டு வச்சாச்சா?" என்று அவர் கேட்டால் வேலை முடிந்ததா என்று அர்த்தம். பொட்டு வைக்காமல் அவளுக்குக் கை நகராது. சாம்பார் டப்பா மூடியை இறுக்கினால்கூட விரல் பாட்டிலைத் தேடுகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நட்டில் பழைய சிவப்புப் பொட்டு உடைந்து பாதி இருந்தது. அது கடையில் வைத்தது. அதன் பக்கத்தில் புதிதாக இன்னொன்று, அதுவும் இப்போது அவர் திருகியதில் பாதியாகியிருந்தது. காப்பி நிறம்.

தங்கை குழந்தையின் பிறந்தநாளுக்குக் கிளம்பும்போது மனைவி விரல்களில் பூசிக்கொண்டிருந்த நிறம். பாட்டிலைக் கைப்பைக்குள் போட்டதையும் அவர் பார்த்திருந்தார். இரண்டு வாரமாகிறது.

மீட்டர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே நட்டைத் திருகி, இன்னரை இழுத்து வெட்டி, உள்ளே தள்ளி, மறுபடி இறுக்குவதென்றால் சகலை ஏழு பிறவி எடுக்கவேண்டும். இருபத்தைந்து வருஷம் மீட்டர்காரனோடு குடித்தனம் செய்தவளுக்கு இரண்டு நிமிஷம். செய்ததோடு நின்றிருந்தால் சாமிக்குக்கூடத் தெரிந்திருக்காது. பழக்க தோஷம், பொட்டும் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

அவளுமா? தங்கை மேல் அவளுக்கும் இவ்வளவு எரிச்சலா? தான் வாயால் கரித்துக்கொண்டிருந்தபோது இவள் கையாலேயே செய்துவிட்டாளா? ஒரு விநாடி அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த விநாடி கடிகாரத்தைப் பார்த்தார். மாமனார் பாதி வழி வந்திருப்பார். வந்து நுனியைப் பார்ப்பார், சின்னவரைக் குடைவார், சின்னவர் சத்தியம் செய்வார், பிறகு யார் யார் வண்டியில் ஏறினார்கள் என்று கணக்கெடுப்பார். நிலத்தை அளந்த புத்தி, மூலைக்கல் கிடைக்கும்வரை விடாது.

பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து நட்டைத் துடைத்தார். காப்பி நிறம் போயிற்று. நுனி இருந்தது. குறட்டையும் ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார், முறுக்கு விட்டார், அரத்தில் தேய்த்தார், பழைய கிரீஸைத் தடவினார். முப்பது வருஷமாக அறுந்ததைச் சரி செய்தவர், அறுத்ததை அறுந்ததாகச் செய்தது அன்றைக்குத்தான். வேலை சுத்தமாக வந்தது. அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு புது இன்னருக்குக் கிரீஸ் தடவினார். மேலே ஒரு சாண் தடவாமல் விட்டார், தடவினால் சுற்றச் சுற்ற கிரீஸ் மேலேறி மீட்டரையே கெடுத்துவிடும். வளைவு எங்கும் மடியாமல் உறையைக் கொண்டுபோய், நுனியின் சதுரம் கியர் பெட்டியின் சதுரத்தில் உட்காரும்வரை விரலால் உருட்டி, இரண்டு பக்கமும் இறுக்கினார். ஜாக்கியைத் தளர்த்துவதற்கும் வாடகை வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே சகலையும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க அது?" என்றார் மாமனார்.

மீட்டர்காரர் துண்டை நீட்டினார். கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"இது அறுந்த மாதிரில்ல இருக்கு?"

"ஆமா மாமா. அறுந்ததுதான். நான் அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன்."

"ஏன் அறுந்தது?"

தேய்மானம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால், சாவி கைமாறுவதற்கு முந்தின வாரம், கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொன்னது அவர்தான். கிழவர் எதையும் மறக்கிற ஆளில்லை.

"போன தடவை மாட்டும்போது ஒரு இடத்துல மடிச்சு விட்டுட்டேன். என் தப்பு."

"உங்க தப்பு." மாமனார் கண்ணாடியை இறக்கினார். "அப்ப அறுத்ததுன்னு என்கிட்ட ஏன் சொன்னீங்க? சின்னவர் அறுத்தார்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"சகலை, நானா?" என்றார் சின்னவர். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், திகைப்புதான். "அறுத்தேன்னு சொன்னீங்களா?"

மீட்டர்காரருக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"பொறாமை மாமா" என்றார். "பதினாலு வருஷம் நான் பார்த்த வண்டி. சாவிய அவர் கையில குடுத்தீங்க. அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மாமனார் பையைத் திறந்து காகிதங்களை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் அந்த பானெட் மேலேயே வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். சின்னவரிடம் நீட்டினார்.

"வண்டி உங்களுது. இனிமே வேற நல்ல மெக்கானிக்கா பார்த்து விடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் மீட்டர்காரருக்கு எங்கே போய்த் தைத்தது என்று சொல்லவேண்டியதில்லை. வண்டியை இழந்தது போகட்டும். தன் கை வேலை மோசம் என்று தன் வாயாலேயே சொன்னதை மாமனாரும் நம்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி சாப்பாட்டு மேஜையில் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு லாரி மீட்டரின் தட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் தூரிகை நின்றது.

"தங்கச்சி போன் பண்ணினா" என்றாள். "அப்பா கடைக்கு வந்தாராமே."

அவர் எல்லாவற்றையும் சொன்னார், பொட்டைத் தவிர. சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"உங்க தப்புன்னு ஏன் சொன்னீங்க? வாய் இல்லையா உங்களுக்கு? அவர் வச்சிருக்கும்போதுதானே போச்சு, அவர் தலையில போட்டிருந்தா வண்டி இப்ப நம்ம வாசல்ல நின்னிருக்கும்! நான் அதுக்காகத்தானே..."

நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் அவர். "நீதான்னு தெரிஞ்சப்புறம்தான் சொன்னேன்."

அவள் தூரிகையை வைத்தாள்.

"உனக்கும் தங்கச்சி மேல இவ்வளவு பொறாமைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார், ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

"பொறாமையா? எனக்கா?" அவள் நிமிர்ந்தாள். "அந்தத் தகர டப்பாவை நான் என்ன பண்ணப் போறேன்? மூணு மாசமா இந்த வீட்டுல ஒரு வாய் பேச்சு உண்டா? விடிஞ்சா வண்டி, பொழுது போனா வண்டி. நான் என் தங்கச்சிகிட்ட போன்ல பேசினாக்கூட மொட்டை மாடிக்குப் போய்ப் பேச வேண்டியிருக்கு. அந்தச் சனியன் உங்க கைக்கு வந்துட்டா நீங்க பழையபடி ஆயிடுவீங்கன்னு நினைச்சேன். எனக்கு வேற வழி தெரியல. என் தங்கச்சி புருஷனுக்குக் கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லன்னு செஞ்சேன். அன்னைக்கு அவ எனக்கு ரெண்டு தடவை சோறு போட்டா, தெரியுமா? அதைத் தின்னுட்டுச் செஞ்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் வயிற்றெரிச்சல் தன் வயிற்றோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் இத்தனை நாளும். அது இவளைக் கையில் பிளேயரோடு தங்கை வீட்டு வாசல்வரை அனுப்பியிருக்கிறது.

வாசலில் ஹாரன் கேட்டது. கேட்டதும் யாருடையது என்று தெரிகிற ஹாரன். சகலையும் கொழுந்தியாளும்.

"மாமா பேசினதை மனசுல வச்சுக்காதீங்க சகலை" என்றார் சின்னவர் உள்ளே வந்து, நின்றபடியே. "முள்ளு சும்மா கிண்ணுனு நிக்குது. எனக்கு வேற மெக்கானிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாங்க, எல்லாரும் ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீங்க ஓட்டுங்க." சாவியை நீட்டினார்.

மீட்டர்காரர் சாவியைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். அதுதான் இன்னும் எரிந்தது. கொடுக்கிற இடத்தில் அவன், வாங்கிக்கொள்கிற இடத்தில் இவர். பதினாலு வருஷமாகக் கனவு கண்ட ஸ்டியரிங் இரவலாக வருகிறது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்களே ஓட்டுங்க" என்றார். "நான் பின்னாடி உக்கார்றேன்."

வண்டி கிளம்பியது. அக்காவும் தங்கையும் பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முள் முப்பது, நாற்பது என்று ஆடாமல் அசையாமல் ஏறியது. பின்னாலிருந்து பார்க்கும்போது சின்னவருடைய நீளக் கையும் அகலத் தோளும் அந்த ஸ்டியரிங்குக்கென்றே செய்த மாதிரி இருந்தன. மீட்டர்காரர் முன் இருக்கை மேல் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"வண்டி உங்களுக்குப் பொருத்தமா இருக்கு சகலை" என்றார். "பார்க்க எனக்குச் சந்தோஷமா இருக்கு."

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி எவ்வளவு பெரிய பொய் என்று அந்த வண்டியில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனை பொய் சொல்லலாம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார்.